ஒரு செல் இடைவெளி

தணிகாசலம் ஐம்பத்து மூன்று வயதில் மறுபடியும் மாணவரானார்.

செய்யாறு பக்கம் ஒரு கல்லூரியில் அவர் விலங்கியல் பேராசிரியர். முட்டைக்குள் கோழிக்கரு எப்படி வளர்கிறது என்பதை வருஷா வருஷம் கலர் சாக்பீஸில் கரும்பலகையில் வரைந்து நடத்துவார். இதயத்துக்குச் சிவப்பு, மூளைக்கு நீலம். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்துகொண்டு போய்ப் பரீட்சையில் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் உயிருள்ள கருவை அவர்களும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. எப்போதோ செத்து, சாயம் ஏற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டப்பட்ட கருக்களைத்தான் அவருக்குத் தெரியும்.

ஓராண்டு விடுப்புக் கேட்டபோது கல்லூரி முதல்வர் சிரித்தார்.

"ரிட்டயர் ஆகப் போற நேரத்துல குஞ்சு பொரிக்கப் போறீங்களா சார்?"

தணிகாசலமும் கூடச் சிரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

கோவைக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். அதை நடத்தியவர் டாக்டர் வெரோனிக்கா. நாகர்கோவில்காரர். தணிகாசலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். யாரிடம் யார் கற்க வந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த இளவேனில் முதல் நாளே எச்சரித்தாள்.

"சார், மேடத்துகிட்ட பார்த்துக் கேள்வி கேளுங்க. பதில் கிடைக்காது. வேலைதான் கிடைக்கும்."

அந்தக் கூடத்தில் வளர்த்தவை காடைகள். பார்வைக்குச் சந்தையில் விற்கிற காடைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் பல தலைமுறைக்கு முன்னால் அவற்றின் பாட்டன் பூட்டனுக்குள் யாரோ ஒரு புது மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். கடலில் மிதக்கும் ஜெல்லி மீனுடைய மரபணு.

"எங்க ஊர்ல அதுக்குச் சொறின்னு பேரு," என்றார் வெரோனிக்கா. "வலையில அது விழுந்தா வள்ளக்காரங்க வாயில நல்ல வார்த்தை வராது, கேட்டீங்களா. இங்க அது இல்லன்னா நமக்கு வேலையே இல்ல."

அந்த மரபணுவைச் சுமந்த காடையின் ஒவ்வொரு செல்லும் தன் மேல்தோலில் ஒளிரும் பொருள் ஒன்றைப் பூசிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் வைத்து நீல லேசரை அதன்மேல் ஓட்டினால் பச்சையாக மின்னும். எந்தச் செல் எங்கே முடிகிறது, எது பக்கத்துச் செல்லோடு ஒட்டி நிற்கிறது, எது நெளிந்து நழுவுகிறது, எல்லாம் மீன்வலையின் கண்களைப் போலத் தெரியும். சாயம் வேண்டாம். சாகடிக்க வேண்டாம்.

தணிகாசலம் முதலில் முட்டை உடைக்கப் பழகினார்.

"வீட்டுல ஆம்லெட்டுக்குக்கூட நான் உடைச்சதில்லம்மா," என்றார் இளவேனிலிடம்.

"தெரியுது சார்," என்றாள் அவள், அவருடைய சட்டையைப் பார்த்து.

மஞ்சள் கருவின் மேல் ஒரு பொட்டளவே கரு இருக்கும். நடுவில் ஓட்டை போட்ட வடிதாள் துண்டை அதைச் சுற்றி ஒட்டவைத்து, ஓரத்தைக் கத்தரித்து, தாளோடு கருவைத் தூக்கிக் கிண்ணத்தில் வயிற்றுப் பக்கம் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். கை நடுங்கினால் கிழியும். நிறையக் கிழிந்தன. கிழித்த நாட்களில் அவருக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. பிறகு கை பழகியது. கை பழகியதை நினைத்தும் ஒரு நாள் சோறு இறங்கவில்லை.

படம் எடுக்கவும் கற்றுக்கொண்டார். லேசரை மிகக் குறைவாக வைத்துத்தான் எல்லோரும் எடுப்பார்கள். படம் மங்கலாக, அரிசி மாவு தூவியதுபோலப் பொறிப்பொறியாக வரும். செத்த கருக்களின் அழுத்தமான கோடுகளைப் பார்த்தே பழகியவர் தணிகாசலம். மங்கல் அவருக்குப் பிடிக்கவில்லை. லேசரைக் கொஞ்சம் ஏற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஒவ்வொரு செல்லின் கோடும் கரும்பலகையில் அவரே வரைந்ததுபோல நறுக்கென்று வந்து நின்றது.

"சார் எடுக்கிற படம் கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்கு," என்றாள் இளவேனில்.

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் அவர்.

கருவின் இதயம் முதலில் இரண்டாகத்தான் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு குழல், வலப்பக்கம் ஒரு குழல். இரண்டும் நடுவை நோக்கி நகர்ந்து, சேர்ந்து, ஒன்றாகின்றன. 'இரு குழல்களும் இணைகின்றன' என்று ஒரே வரியில் இதை இத்தனை வருஷமும் நடத்தி வந்தார். இப்போது அந்த ஒரு வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மாலையில் கருவைக் கதகதப்பான பெட்டிக்குள் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துவிட்டுப் போனார். காலையில் வந்து, இரவெல்லாம் தானே ஓடிய படத்தைத் திரையில் போட்டார்.

குழல்கள் இரண்டும் நகர்ந்து வந்தன. நெருங்கின. இடையில் ஒரே ஒரு செல் அளவு இடைவெளி இருக்கும்போது நின்றுவிட்டன.

தணிகாசலம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விளிம்பில் இருந்த செல்கள் விரல் நீட்டுவதுபோல நீட்டின, உடனே இழுத்துக்கொண்டன. எதிர்க்கரையிலும் அப்படியே. தொட்டுவிடும் தூரம். தொடவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றன. பிறகு, யாரோ சரி என்று சொன்னதுபோல, ஒரு செல் நீட்டிய விரலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தது. அது தொட்டது. அதன் பின்னால் மற்றவையும் தொட்டன. இரண்டு ஒன்றானது.

வேறு கருக்களையும் எடுத்தார். ஒவ்வொன்றும் அதே இடத்தில் நின்றது. ஒவ்வொன்றும் பிறகு சேர்ந்தது.

எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. அவர் அதற்குத் 'தயக்கம்' என்று பெயர் வைத்தார். மாதக் கடைசியில் அங்கே ஒரு கருத்தரங்கம். பல ஊர்களிலிருந்து அறிஞர்கள் வரப்போகிறார்கள். வெரோனிக்கா அவர் பெயரையும் பேசுபவர்களோடு சேர்த்திருந்தார். காலமெல்லாம் அடுத்தவர் கண்டுபிடித்ததை நடத்திய தனக்கு, தான் கண்டது என்று சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது அவர் கண் கலங்கியது.

"புத்தகத்துல ஒரு வரி மாறப்போகுது," என்றார் மனைவியிடம் தொலைபேசியில்.

"மாறட்டும். பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

மறுநாள் படத்தை வெரோனிக்காவிடம் காட்டினார். அவர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார்."

"எது மேடம் இதைத் தயங்க வைக்குது?"

வெரோனிக்கா எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு நிறையக் காடை முட்டைகள். பக்கத்துப் பண்ணையில் குஞ்சு பொரிக்க எடுத்துவைத்த சாதாரண முட்டைகள். ஒளிராதவை.

"இதுங்களும் தயங்குதான்னு பார்த்துச் சொல்லுங்க."

"இதுல எப்படி மேடம் படம் எடுக்கிறது?"

"எடுக்க வேண்டாம். ஒரு முட்டையை ஒரு தடவைதான் பார்க்கணும். அவ்வளவுதான்."

"ஒரே ஒரு தடவை பார்த்தா அது நிக்குதா நகருதான்னு எப்படித் தெரியும்?"

"அதத்தான் யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேக்கேன்."

தணிகாசலம் தட்டை வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

"என் படத்துல நம்பிக்கை இல்லையா மேடம்? நான் பேசக் கூடாதா?"

"பேசுங்க சார். படம் உங்களோடது. நான் தடுக்கல."

தட்டோடு வெளியே வந்தவரைப் பார்த்து இளவேனில் புருவத்தை உயர்த்தினாள்.

அவருக்குக் கோபம் வந்தது. தூக்கத்திலிருக்கும் ஒருவனை ஒரே ஒரு போட்டோ எடுத்துவிட்டு அவன் எவ்வளவு நேரம் தூங்கினான் என்று சொல்லச் சொன்னால் எப்படி? தன் வயதை மதிக்காமல் மேடம் வேலை ஏவிப் பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன் மேலேயே கோபப்பட்டார். முட்டைகள் தொடப்படாமல் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்குப் பஸ்ஸில் போனார். ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றது. முன்னால் லாரி, அதற்கு முன்னால் வேன், பின்னால் கார்கள், ஆட்டோ, இரண்டு பக்கமும் சந்து பார்த்து நுழைந்த பைக்குகள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வேர்க்கடலை வாங்கினார்.

தணிகாசலம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்த வரிசையைப் பார்த்தார். யாராவது மேலிருந்து இந்த ரோட்டை ஒரே ஒரு படம் எடுத்தால் போதும் என்று தோன்றியது. எந்த வண்டி ஓடுகிறது, எது நிற்கிறது என்று அந்தப் படம் சொல்லாது. ஆனால் வண்டிகள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் அங்கே கேட் மூடியிருக்கிறது என்று அர்த்தம். கேட் இல்லாத ரோட்டில் வண்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தானே இருக்கும்?

"டிரைவர், இங்கயே இறங்கிக்கிறேன்."

"டவுனு இன்னும் வரல சார்."

"பரவாயில்லப்பா."

எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினார்.

முட்டைகளை அடைவைத்தார். ஒரேயடியாக வைக்காமல், சற்றுச் சற்று நேரம் விட்டு வைத்தார். அப்போதுதான் ஒவ்வொன்றும் பயணத்தில் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார். திறந்த கணத்திலேயே மருந்தில் போட்டு அந்த நிலையிலேயே உறைய வைத்தார். சாயம் ஏற்றினார். ஒரு தடவை பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை இது. செத்த கரு, சிவப்புச் சாயம், அழுத்தமான கோடு. ஆனால் இதுவரை எந்தச் செத்த கருவையும் இவ்வளவு படபடப்போடு பார்த்ததில்லை.

எல்லாம் தயங்கினால், அந்த ஒரு செல் இடைவெளியில் கருக்கள் வரிசைகட்டி நிற்க வேண்டும்.

சிலவற்றில் குழல்கள் வெகுதூரத்தில் இருந்தன. சிலவற்றில் பாதி வழி. சிலவற்றில் சேர்ந்தே விட்டிருந்தன. ஒரு செல் இடைவெளியில் நின்றது ஒன்று கிடைத்தது. இன்னொன்றை அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம். வரிசை இல்லை. கேட் திறந்தே இருந்தது.

கண்ணாடித் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு அறைக்குப் போனார்.

மறுநாள் ஒரு நம்பிக்கை வந்தது. பண்ணைக் காடை வேறு, ஒளிரும் காடை வேறு. ஒருவேளை அந்தச் சொறியின் மரபணு வந்த பிறகு இதயத்துக்கு இந்தப் பழக்கம் வந்திருக்கலாம். அப்படியானாலும் அது ஒரு கண்டுபிடிப்புதான். சின்னது. இருந்தாலும் கண்டுபிடிப்பு.

ஆனால் பண்ணைக் கருக்களின் மேல் லேசரே படவில்லை என்பதும் உறுத்தியது. ஒளிரும் முட்டை ஒன்றை எடுத்தார். இந்த முறை லேசரை மற்றவர்கள் வைப்பதுபோல வைத்தார். இன்னும் கீழே இறக்கினார். கூடத்திலேயே யாரும் வைக்காத அளவுக்கு இறக்கினார்.

காலையில் வந்த படத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இளவேனிலையும் கூப்பிட்டார்.

"இது விளிம்புதானே?"

"ஆமா சார். இது இடது குழல். அதோ அந்தப் புகை மாதிரி இருக்கிறது வலது."

"நிக்குதா?"

அவள் திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். ஓட்டினார்கள். திரும்ப ஓட்டினார்கள். புகை புகையை நோக்கி வந்தது. வந்த வேகத்திலேயே சேர்ந்தது.

"நிக்கல சார்," என்றாள் மெதுவாக.

"இன்னொண்ணு எடுத்துப் பார்ப்போம்."

இன்னொன்றும் நிற்கவில்லை. அதற்கடுத்ததும் நிற்கவில்லை.

"சார்," என்றாள் இளவேனில். "அன்னைக்கு சீரியல் லைட்டுன்னு சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன்."

"நீ சரியாத்தான் சொன்னம்மா. நான்தான் சரியா கேக்கல."

வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். இவ்வளவு நாளும் அவர் பார்த்தது கரு தன் போக்கில் வளர்ந்ததை அல்ல. இரவெல்லாம் அதன் முகத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அது கூசி நின்றதற்குப் பெயர் வைத்திருக்கிறார். அதைப் பல ஊர் அறிஞர்கள் முன்னால் போட்டுக் காட்ட இருந்தார். போட்டிருந்தால் கை தட்டியிருப்பார்கள். அவ்வளவு தெளிவான படம். யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. அதே சமயம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் ஒரு கணம் இனித்ததையும் அவர் கவனித்தார்.

சாயங்காலம் வெரோனிக்காவின் அறைக்குப் போனார். அவர் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க சார். டீ குடிச்சாச்சா?"

"தயக்கம் இல்ல மேடம்."

"பண்ணை முட்டையிலயா?"

"அதுலயும் இல்ல. நம்ம முட்டையிலயும் இல்ல. லேசரைக் குறைச்சா இல்ல. நான் போட்ட வெளிச்சம்தான் அதை நிறுத்தியிருக்கு."

வெரோனிக்கா தட்டுவதை நிறுத்தினார்.

"ஒரு தடவை பார்த்து எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ரயில்வே கேட்டைப் பற்றிச் சொன்னார். வெரோனிக்கா சின்னப் பிள்ளையைப் போல வாயைத் திறந்து கேட்டார்.

"நான் இதை யோசிக்கவே இல்ல சார். நீங்க வேற ஏதாவது வழியில போவீங்கன்னு நெனச்சேன்."

"கருத்தரங்கத்துல என் பேச்சை எடுத்துடச் சொல்லி ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"சரி."

"உங்களுக்கு முதல்லயே தெரியும். அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரியும். அப்பவே வெளிச்சம் அதிகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சந்தேகப்பட்டேன். தெரியாது."

தணிகாசலம் கையிலிருந்த கண்ணாடியை மடித்தார், விரித்தார்.

"உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன். எத்தனை முட்டை. எல்லாத்தையும் எதுக்காக உடைச்சேன்? மேடம், அந்தப் பழைய படங்களை அழிச்சுடுறேன். இடத்தையாவது அடைக்காம இருக்கட்டும்."

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போடுங்க."

"இனிமே அதுல பார்க்க என்ன இருக்கு?"

"எனக்காகப் போடுங்க சார்."

போட்டார். கல்யாண மண்டபம் போலத் திரை பச்சையாக எரிந்தது. குழல்கள் நகர்ந்து வந்தன. நெருங்கின. நின்றன. விளிம்புச் செல்கள் விரல் நீட்டி இழுத்துக்கொண்டன. தணிகாசலத்துக்கு அதைப் பார்க்கக் கூசியது. தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க சார்."

பார்த்தார். ஒரு செல் நீட்டிய விரலை இழுத்துக்கொள்ளவில்லை. தொட்டது. மற்றவை அதன் பின்னால் போயின. இரண்டு ஒன்றானது. படம் இன்னும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் குழல் ஒரு தடவை துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

"லேசரை எப்ப அணைச்சீங்க?" என்றார் வெரோனிக்கா.

"அணைக்கவே இல்லையே. காலையில நான் வந்துதான் அணைச்சேன்."

"நடுவுல குறைச்சீங்களா?"

"இல்ல மேடம். ராத்திரி பூரா ஒரே அளவுதான்."

"எல்லாப் படத்துலயும் அப்படித்தானா?"

"எல்லாத்துலயும்."

"நின்னதுக்குக் காரணம் கண்டுபிடிச்சுட்டீங்க." வெரோனிக்கா திரையில் துடித்துக்கொண்டிருந்ததைக் காட்டினார். "அந்தக் காரணம் அங்கயேதான் எரிஞ்சுகிட்டு இருந்திருக்கு. அப்ப இது எப்படி சார் சேர்ந்துச்சு?"

தணிகாசலம் படத்தை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.